டீக்கு விழாத வரி

பிள்ளையார்பாளையத்தில் மங்கையர்க்கரசியைப் பற்றி யாரைக் கேட்டாலும், கை சுத்தம், வாய் சுத்தம் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவள் கை பட்ட கரையில் நூல் பிசகாது. அவள் வாயிலிருந்து ஊர்வம்பு வராது. மூன்றாவதாக ஒரு சுத்தம் உண்டு. அதை யாரும் விசாரிப்பதில்லை. வயிற்றுச் சுத்தம். அதுதான் அவளுக்குப் பல வருடங்களாக இல்லை. நாகரிகம் தெரிந்தவர்கள் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். வயிறு நாகரிகம் பார்த்துக்கொண்டு வலிப்பதில்லை என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அவள் பிறந்தது அய்யம்பேட்டையில், அதுவும் நெசவு வீடுதான். அப்பா தேவாரம் பாடாமல் தறியில் கால் வைக்காதவர். அதனால்தான் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய பெயர். அது தெருவில் ‘மங்கை’ என்று சுருங்கிப்போனது. கலியாணசுந்தரத்தைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்த மறுவாரமே தறிக்குழியில் கால் விட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் சங்கரி என்று ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். மங்கையின் இடம் மட்டும் மாறவில்லை. புருஷனுக்கு வலது கைப்பக்கம், கரை ஓரம்.

அந்த இடத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால் கோர்வைச் சேலை எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். சேலையின் உடல் ஒரு நிறம், இரண்டு பக்கத்துக் கரையும் வேறு நிறம். உடலுக்குப் படகு மாதிரி மரக்கட்டையில் ஒரு நாடா, கரைக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா நூலைச் சுமந்துகொண்டு போய்வர வேண்டும். நெய்கிறவருக்கோ ஆண்டவன் கொடுத்தது இரண்டே கை. அதனால் ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருத்தர் கூடவே உட்கார வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு திரும்பும், இழையை நெருக்கப் பலகை வந்து அடிக்கும், மறுபடியும் நாடா ஓடும். கூட உட்கார்ந்தவர் எழுந்து போனால் சேலை அந்த இழையிலேயே நின்றுவிடும்.

இங்கேதான் மங்கையின் வயிறு மாட்டிக்கொண்டது. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், ஏழு மணிவாக்கில் வயிறு கூப்பிடும். எல்லோருக்கும் கூப்பிடுகிற மாதிரிதான். ஆனால் கலியாணசுந்தரத்துக்கு அப்போதுதான் கை ஓட ஆரம்பித்திருக்கும்.

“ஒரு ஜாண் முடிச்சிட்டுப் போயேன். நடுவுல நிறுத்தினா வரி விழும்மா. பட்டுக் கடைக்காரன் வெளிச்சத்துல புடிச்சிப் பார்ப்பான்.”

வரி விழுவது என்றால், பலகை அடி ஒரே சீராக இல்லாத இடத்தில் துணியில் மெல்லிய கோடு தெரிவது. அது நெசவாளிக்கு மானக்கேடு. மங்கையும் நெசவாளி வீட்டுப் பெண் அல்லவா, அடக்கிக்கொள்வாள். ஜாண் முடிந்து அவள் பின்கட்டுக்குப் போகும்போது வயிறு அமைதியாகிவிட்டிருக்கும். வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காததால் திரும்பிப் போன விருந்தாளி மறுபடி அவ்வளவு சுலபத்தில் வருவாரா? வயிற்றுக்கும் ரோஷம் உண்டு.

தண்ணீராவது குடித்தாளா என்றால் அதுவும் இல்லை. பட்டில் ஒரு சொட்டு பட்டால் கறை. அதனால் தறிப் பக்கம் சொம்பே வரக்கூடாது. போதாததற்கு, தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், ஒன்றுக்குப் போனால் தறி நிற்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு தறியின் சத்தமும் ஒவ்வொருவருக்கும் அத்துப்படி. எந்த வீட்டுப் பலகை எப்போது அடிக்கிறது, எப்போது ஓய்கிறது என்று காதாலேயே தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்குக் கலியாணசுந்தரத்தின் தறி நின்றால், மங்கை எங்கே போயிருக்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும்.

வலி பொறுக்க முடியாமல் அவள் வாய் திறந்தது எதிர்வீட்டுப் பெரியநாயகியிடம்தான். பெரியநாயகியும் புருஷன் பரசுராமனோடு கோர்வைக்கு உட்காருகிறவள். மங்கையைவிட நாலைந்து வயது மூத்தவள். வயிற்றுக் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதான், காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி மடமடவென்று மருந்து சொன்னாள்.

“படுக்கும்போது சூடா பாலு வெச்சி, அதுல வெளக்கெண்ண ஊத்தி, மூக்கப் புடிச்சிக்கினு ஒரே மூச்சுல குடிச்சிடு. காத்தால பாரு.”

காலையில் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, ஓடத்தான் நேரம் சரியாக இருந்தது. அன்றைக்குத் தறி முழுநாளும் நின்றது. கலியாணசுந்தரம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “இன்னா மருந்துமா இது, ஒரே பேஜாரா இருக்குது” என்று உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் பல நாளைக்கு ஒன்றுமே இல்லை. குடல் கதவைச் சாத்திக்கொண்டது.

“அப்ப நிலாவரைப் பொடி போடு” என்றாள் பெரியநாயகி.

நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டும்போதே, “எப்பவாவது ஒரு வாட்டி எடுத்துக்கம்மா, தினம் வேணாம்” என்று சொல்லித்தான் கொடுத்தார். வலியில் இருக்கிறவள் காதில் முதல் பாதிதான் விழும். முதலில் பொடிக்கு வயிறு கேட்டது. பிறகு இரண்டு மடங்கு போட்டால் கேட்டது. பிறகு வயிற்றை முறுக்கிப் பிழிந்துவிட்டு, வேலையை மட்டும் செய்யாமல் போனது. பொடியில்லாமல் குடல் அசையவே மறந்துவிட்டது. அடுத்து கடுக்காய். அது தன் பெயருக்கு ஏற்றபடி அவளுக்கும் கடுக்காய் கொடுத்தது. மகள் போனில் தன் பங்குக்கு ஒரு வைத்தியம் சொன்னாள்.

“அம்மா, ஃபைபர் சாப்பிடு, நெறைய வாட்டர் குடி, டைமுக்குப் போ. அவ்ளோதான், சிம்பிள்.”

“சிம்பிள்தான்டி. நீ வந்து நாடாவைத் தள்ளு, நான் டைமுக்குப் போறேன்” என்று சொல்லி போனை வைத்தாள் மங்கை.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு சேலை தறியில் ஏறியிருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, கனமான சரிகை. அந்தச் சமயத்தில்தான் பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் வர ஆரம்பித்தது. பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் கத்தி, எழுந்தால் கத்தி. சாப்பிட்டால்தானே வெளியே வர வேண்டும் என்று சோற்றைக் குறைத்தாள். ஒருநாள் மதியம் கண் இருட்டி, கையிலிருந்த நாடா நழுவிக் குழிக்குள் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவள் கையிலிருந்து நாடா விழுந்தது அதுதான் முதல் தடவை. கலியாணசுந்தரம் பயந்துபோய் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரூமுக்குள் மட்டும் வரவில்லை. அது பொம்பளை சமாச்சாரம் என்று வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே இருந்தது ஷாரோன் என்ற சின்ன வயது டாக்டரம்மா. பரிசோதித்துவிட்டுக் கேட்டாள்.

“வர்ற மாதிரி இருந்தா உடனே போயிடுவீங்களாம்மா?”

“ஒரு ஜாண் முடிச்சிட்டுப் போவேம்மா.”

டாக்டருக்கு விளங்கவில்லை. மங்கை இரண்டு கையையும் காற்றில் வைத்து, நாடா போவதையும் வருவதையும் காட்டி, கோர்வையை விளக்கிச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“புண்ணு ஆழமா இருக்கும்மா. மொதல்ல நிலாவரை, விளக்கெண்ணெய் எல்லாத்தையும் நிறுத்துங்க. பேதி மருந்து போட்டு விரட்டிக்கிட்டே இருந்தா, அப்புறம் விரட்டாம குடல் நடக்காது. இளக்கறதுக்கு ஒரு மருந்து தரேன், புண்ணுக்கு ஆயின்மென்ட் தரேன். ஆனா பாதி வைத்தியம் உங்க கையிலதான் இருக்கு. தண்ணி, கீரை, பழம். காலையில சாப்பிட்டதும் குடல் தானா வேலை செய்யும். அது கூப்பிடும்போது போயிடணும். வரலேன்னா முக்காதீங்க, எழுந்து வந்துடுங்க. ஆனா போகாம மட்டும் இருக்காதீங்க.”

“போகலேன்னா?”

“ஒரு மாசம் பார்ப்போம். ரத்தம் அதிகமானா அதுக்கு முன்னாடியே வந்துடணும். ஆறலேன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்குத் தறியில உட்கார முடியாது.”

ஆபரேஷன் என்றதும் மங்கைக்கு வந்தது பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு கோபம். ஒரு ஜாண், ஒரு ஜாண் என்று சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் தன் உடம்பையே கத்திக்குக் கொடுக்கப் போகிறோமா என்ற கோபம். அந்தக் கோபத்தோடு வெளியே வந்தாள்.

“இன்னா சொன்னாங்க?” என்றார் கலியாணசுந்தரம்.

“தறிய நிறுத்தணுமாம்.”

“ஐயோ, எவ்ளோ நாளு?”

“தினம்.”

வீட்டுக்கு வந்ததும் பொடி, எண்ணெய், கடுக்காய் எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட்டாள். இரவே கறுப்புத் திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் வெந்நீரோடு அதையும் மென்று விழுங்கினாள். அரிசிச் சோறு குறைந்து கேழ்வரகுக் கூழ் வந்தது. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் என்று மாறி மாறி வந்தன. “மாட்டுக்குப் போடற மாதிரி தழையாப் போடறியே” என்று முனகிக்கொண்டே கலியாணசுந்தரமும் சாப்பிட்டார். தறியிலிருந்து தள்ளி, நிலைப்படி ஓரத்தில், மூடிபோட்ட சொம்பு ஒன்று உட்கார்ந்தது. நாடாவில் நூல் தீர்ந்து ஊடைக் கண்டு மாற்றும்போதெல்லாம் எழுந்து போய் ஒரு மடக்கு குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் ஏழு மணிக்கு வந்தது. வயிறு லேசாகக் கூப்பிட்டது. மங்கை நாடாவைக் கீழே வைக்கப் போனாள்.

“ஒரு ஜாண்…” என்றார் கலியாணசுந்தரம். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்ப் பழக்கம். அவள் கையும் பழக்க தோஷத்தில் நாடாவைத் தள்ளிவிட்டது. வயிறு அடங்கிப்போனது. மங்கைக்குத் தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. போயும் போயும் ஒரு வார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கலியாணசுந்தரம் நாடாவை வைத்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனார். ஜாணில் கால்வாசிகூட ஆகவில்லை. மங்கை அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த மஞ்சள் நூல் துண்டு ஒன்றை எடுத்து, இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி அந்த இழையின் ஓரத்தில் செருகினாள்.

அன்றைக்கு அவர் ஒரு போன் வந்ததென்று எழுந்தார். அங்கே ஒரு மஞ்சள் நூல். சங்கத்து ஆள் வாசலில் கூப்பிட்டார் என்று எழுந்தார். அங்கே ஒன்று. மறுபடி டீ. கிரிக்கெட்டில் யாரோ அவுட்டாம், பக்கத்து வீட்டு டிவியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பொழுது சாயும்போது சேலையின் ஓரத்தில் மஞ்சள் நூல்கள் வரிசையாகத் தொங்கின. இது எதற்கு என்று அவர் கேட்டதற்கு, சும்மா என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வயிறு கூப்பிட்டது. மங்கை நாடாவை வைத்தாள்.

“வரி விழும்மா. ஒரு…”

“கண்ணாடிய எடுத்து மாட்டுங்க” என்றாள். மாட்டினார். “இந்த மஞ்ச நூலு இருக்கிற எடமெல்லாம் நேத்து நீங்க எழுந்துபோன எடம். வெளிச்சத்துல நல்லாப் பாருங்க. வரி எங்க இருக்குது, காட்டுங்க.”

கலியாணசுந்தரம் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரல் நுனியால் தடவிப் பார்த்தார். அவர் கை அப்படிப்பட்ட கை, எங்கே நிறுத்தினாலும் அதே அழுத்தத்தில் தொடரும். அது அவருக்கே அன்றுவரை தெரியாதோ என்னவோ.

“உங்க டீக்கு விழாத வரி, என் வயித்துக்கு மட்டும் விழுமா?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவெல்லாம் பலகை அடித்துக்கொண்டிருக்க, தன் வீட்டில் மட்டும் சத்தமில்லாததைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டிலிருந்து பரசுராமனின் குரல் வந்தது.

“இன்னா கலியாணம், தறி நின்னுபோச்சு?”

“நூலு அறுந்துபோச்சுப்பா” என்றார் கலியாணசுந்தரம்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தவளிடம் அவர், “ஆச்சா?” என்று கேட்டார். “ஆவல” என்றாள். “அப்ப எதுக்குப் போன?” என்றதற்கு, “கூப்பிட்டுச்சு, போனேன். பல வருஷமா கூப்பிட்டுப் போவாதவ மேல அதுக்கு உடனே நம்பிக்கை வந்துடுமா?” என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். டாக்டர் சொன்னபடி முக்காமல், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். வலி தணிந்தது, வயிறும் ரோஷத்தை விட்டு மெல்ல இறங்கிவர ஆரம்பித்தது. தணியாதது தெருவின் காதுதான். பரசுராமன் தினமும் கேட்டார், கலியாணசுந்தரமும் தினமும் ஒரு பொய் சொன்னார். நூல் அறுந்தது என்றார், பலகைக் கயிறு அவிழ்ந்தது என்றார், நாடா உடைந்தது என்றுகூடச் சொன்னார். கேட்கிறவர்கள் இந்த மனுஷன் தறி வைத்திருக்கிறாரா, காயலான் கடை வைத்திருக்கிறாரா என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் அந்தப் பொய் மங்கையின் காதில் சுருக்கென்று தைத்தது. திருடிவிட்டா வருகிறோம்? கை கால் கழுவிக்கொண்டு நேரே வாசலுக்கு வந்தாள். பரசுராமன் இன்னும் ஜன்னலில்தான் நின்றிருந்தார். அடுத்த வீட்டிலும் இரண்டு தலைகள் தெரிந்தன. உள்ளே ஓடிவிடலாமா என்று மங்கைக்கு ஒரு நொடி தோன்றியது. இருந்தாலும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

“நூலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுண்ணே. நான் வெளிக்குப் போனேன். நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் போவேன். தறி நிக்கும். நீங்க கவலப்படாதீங்க.”

ஜன்னல் தலைகள் சட்டென்று உள்ளே போயின. எந்தத் தறியிலும் ஒரு நொடி சத்தமில்லை. கலியாணசுந்தரம் தறிக்குழியில் தலையைக் குனிந்துகொண்டு நாடாவில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். மங்கைக்குக் காது மடல் சூடாக இருந்தது. ஆனால் பூமி பிளக்கவில்லை. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஊம், அடிங்க” என்றாள். அடித்தார்.

முகூர்த்தச் சேலை சொன்ன நாளுக்கு அறுத்து இறக்கப்பட்டது. கடைக்காரர் அதை வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து உள்ளே வைத்தார். மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கலியாணசுந்தரமும் கூடவே உள்ளே வந்து, சுவரைப் பார்த்தபடி ஒரு ஓரமாக உட்கார்ந்தார். புண் ஆறிவருகிறது, ஆபரேஷன் வேண்டாம், இதே பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் டாக்டர். “தறிய நிறுத்திடறோம்மா” என்றார் அவர், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

அதற்கு அடுத்த வாரம். காலை ஏழு மணி. மங்கை பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் தறி நின்றிருந்தது, மற்ற தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே இருக்கும்போது எதிர்வீட்டுப் பலகை ஓர் அடி அடித்துவிட்டுப் பாதியில் நின்றது. காலை ஏழு மணிக்கு அந்தத் தறி நின்றால், பெரியநாயகி எங்கே போயிருக்கிறாள் என்று மங்கைக்குத் தெரியாதா?

பெரியநாயகிக்கு இத்தனை மருந்து எப்படித் தெரிந்தது என்று மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கெண்ணெயை எப்போது குடிப்பது, மூக்கை எப்படிப் பிடிப்பது என்பது வரை சொன்னாளே, அவள் எத்தனை வருடம் அதையெல்லாம் ஒன்றொன்றாக விழுங்கிப் பார்த்திருப்பாள்! தன் வலியைப் போய்ச் சொன்ன அன்று, உனக்கும் உண்டா அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று மங்கை தன்னையே நொந்துகொண்டாள்.

வாசலில் கலியாணசுந்தரம் குரல் கொடுப்பது கேட்டது.

“இன்னா பரசு, தறி நின்னுபோச்சு?”

 எதிர்வீட்டுக்குள்ளிருந்து பரசுராமனின் குரல் வந்தது.

“நூலு அறுந்துபோச்சுப்பா.”